வில்லின் பெயர் கொண்ட கரையும் ஆயுத உரிமை விவாதமும்

தனுஷ் என்றால் வில். கோடி என்றால் முனை. இராமன் தன் வில்லின் முனையால் சேதுவை உடைத்த இடம் என்பதால் தனுஷ்கோடி என்று பெயர் வந்ததாக நம்பிக்கை. அந்தச் சேதுவைக் காப்பவர் என்ற பொருளில்தான் இராமநாதபுரம் மன்னர்கள் சேதுபதி எனப்பட்டார்கள். இராமேஸ்வரம் வரும் யாத்திரிகர்களுக்கு வழிக்காவல் கொடுப்பது அவர்களது கடமை. இப்படி ஆயுதமும் காவலும் பெயரிலேயே இருக்கும் சேதுச்சீமைதான், பிற்காலத்தில் ஆயுதம் பறிக்கப்பட்ட சீமையாகவும் ஆனது.

குடிமக்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி வந்தால் எல்லோரும் அமெரிக்காவைத்தான் நினைப்பார்கள். அங்கே 1791-லேயே அது அரசியல் சாசனத்தில் ஏறிவிட்டது. ஆனால் நம் நாட்டிலும் இந்த விவாதம் நடந்திருக்கிறது. யார் யார் அமர்ந்து அதைப் பேசினார்கள் என்பதுதான் அதில் முக்கியமான விஷயம்.

விவாதமே இல்லாத தீர்ப்பு

1795-ல் முத்துராமலிங்க சேதுபதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி பதவியிலிருந்து இறக்கிச் சிறை வைத்தது. அதன் பிறகு எழுந்த கிளர்ச்சிகளின் உச்சம் 1801. அந்த ஆண்டு அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவிடம் வளரி வீசக் கற்றுக்கொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரியே அவருக்கு எதிரான படையில் இருந்தார் என்பது வரலாற்றின் வேடிக்கை.

1801 டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தென்சீமைப் பாளையக்காரர்களும் மக்களும் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், மீறினால் கடும் தண்டனை. ஆயுதம் இழந்தவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

ஒருதலைச் சபை

1857 கிளர்ச்சிக்குப் பிறகு நாடு முழுவதற்கும் இதே நிலை வந்தது. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது 1878-ல் ஆயுதச் சட்டம் நிறைவேறியது. நிறைவேற்றிய சபையில் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் நியமனம்தான். இந்தியர் உரிமம் வாங்க வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. அப்படி ஒரு சபையில் வேறு என்ன முடிவு வந்திருக்கும்?

இன்னொரு விலக்கும் உண்டு. 1857-ல் விசுவாசமாக இருந்ததற்காகக் குடகு மக்களுக்கு 1861-லேயே ஆயுதக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு கிடைத்தது. எதிர்த்த சேதுச்சீமைக்கு ஒரு நீதி, எதிர்க்காத குடகுக்கு வேறு நீதி!

1887 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் இந்தச் சட்டம் காரசாரமாகப் பேசப்பட்டது. பிபின் சந்திர பால் இதை எதிர்த்து முழங்கினார். 1931 கராச்சி மாநாட்டின் அடிப்படை உரிமைகள் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்கும் உரிமையும் இடம்பெற்றது.

நம்மவர்களே பேசியபோது

1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அந்தப் பழைய கோரிக்கையை நினைவூட்டினார். ஆயுதம் தாங்கும் உரிமையை அடிப்படை உரிமைகளில் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் மறுத்தார். யார் வேண்டுமானாலும் சந்தையில் ஆயுதம் வாங்கலாம் என்றால் அரசு எப்படி நிர்வாகம் நடத்தும் என்பது அவரது வாதம். பிரிவினைக் கலவரங்களின் ரத்தம் காயவில்லை. அதே ஆண்டு ஜனவரியில்தான் காந்தி சுடப்பட்டிருந்தார். எனவே அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. திருத்தம் தோற்றது.

ஆனால் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று நின்று யோசிக்க வைக்கிறது. இது உரிமையாகிவிட்டால் குற்றப்பரம்பரையினர் என்று சட்டம் குறித்த வகுப்பினருக்கும் ஆயுதத்தை மறுக்க முடியாது என்றார். அந்தச் சட்டத்தின் கீழ் இராமநாதபுரம் மாவட்டத்தின் ஆப்பநாட்டு மறவர்களும் கைரேகை வைத்து அல்லல்பட்டவர்கள். சென்னை மாகாணம் 1947-லேயே அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டது. நாடு முழுவதும் நீங்கியது 1952-ல்தான். அரசியல் நிர்ணய சபையைத் தேர்ந்தெடுத்த மாகாண சட்டசபைகளுக்கோ சொத்து, வரி, படிப்பு உள்ளவர்களுக்கு மட்டுமே ஓட்டு. அந்த முத்திரை குத்தப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஓட்டு ஏது?

இன்று இருப்பது 1959 ஆயுதச் சட்டம். துப்பாக்கி உரிமை அல்ல, அதிகாரி பார்த்துத் தரும் அனுமதி. குடகு விலக்கு மட்டும் 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

ஊரெல்லாம் துப்பாக்கி நடமாடினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அந்த வகையில் 1948-ல் எடுத்த முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் முடிவு சரி என்பதால் சபை நடுநிலையானது என்று ஆகிவிடாது. ஒரு விவாதத்தில் என்ன பேசினார்கள் என்று பார்ப்பதோடு, யாருக்கு நாற்காலி போடவில்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சேதுச்சீமையின் வரலாறு கற்றுத்தரும் பாடம் இதுதான்.