எல்லைப்புற ஊரும் ஒரு நிரலாக்கப் பாடமும்

திருத்தணி என்றதும் நமக்கு முருகன் நினைவுக்கு வருவான், அடுத்து ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டம். 1953ல் ஆந்திர மாநிலம் உருவானபோது சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து அப்பக்கம் போன திருத்தணிப் பகுதி, படாஸ்கரின் பரிந்துரையைத் தொடர்ந்து 1960 ஏப்ரல் முதல் நாளில் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. தாங்கள் எந்த மொழியில் ஆளப்பட வேண்டும் என்பதற்காக மக்கள் போராடிய மண் இது. அங்கே வளரும் ஒரு பிள்ளை எந்த மொழியில் சிந்திக்கக் கற்கிறது என்ற கேள்வி அந்த அளவுக்குப் பேசப்பட்டதில்லை. அதைக் கேட்டுப்பார்க்க ஒரு சிறிய வாசல் இருக்கிறது. பொறியியல் மாணவர் அனைவரும் முதலாண்டில் படிக்கும் நிரலாக்கப் பாடமே அது.

இந்தக் கேள்வியைத் தேசிய அளவில் எடுத்துக்கொண்ட ஒரு குழுவின் தலைவர் திருத்தணிக்காரர் என்பது ஒரு சுவையான செய்தி. 1888ல் இங்கே தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், 1948-49ல் பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்குத் தலைமை வகித்தார். அக்குழுவின் மொழி சார்ந்த பரிந்துரைகளில் மூன்று நமக்கு முக்கியமானவை. உயர்கல்வியில் ஆங்கிலத்தின் இடத்தை இயன்ற விரைவில் இந்திய மொழிகள் எடுத்துக்கொள்ள வேண்டும். அறிவியல் கலைச்சொற்களை உலக வழக்கிலிருந்து எடுத்து, நம் மொழிகளின் ஒலிக்கேற்ப இணக்கிக்கொள்ள வேண்டும். வளர்ந்துகொண்டே போகும் அறிவோடு தொடர்பு அறாதிருக்க ஆங்கிலத்தையும் ஒரு பாடமாகப் படிக்க வேண்டும். இவை ஒன்றையொன்று மறுப்பவை அல்ல என்பதை மறந்துவிட்டு, நாம் இன்றுவரை தமிழா ஆங்கிலமா என்று வாதிட்டுக்கொண்டிருக்கிறோம்.

அந்த அறிக்கை வெளிவந்த 1949ல் இந்தியாவில் கணிப்பொறியே இல்லை. 1955ல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு ஓர் இயந்திரம் இங்கிலாந்திலிருந்து வந்தது. 1960ல் பம்பாயின் டாட்டா ஆய்வு நிறுவனம் தானே உருவாக்கிய டிஃப்ராக் இயங்கத் தொடங்கியது. அந்தக் குழுவை வழிநடத்தியவர் சென்னையில் பிறந்து கிண்டியில் பொறியியல் படித்த ஆர். நரசிம்மன். ஆனால் இவையெல்லாம் ஆய்வாளர்களின் கருவிகள். கல்லூரி மாணவனின் கைக்கு எட்டும் இடத்தில் கணிப்பொறி வந்து நின்றது 1963 ஆகஸ்டில், கான்பூர் ஐ.ஐ.டி.யில். ஒன்பது அமெரிக்கக் கல்வி நிறுவனங்கள் கைகோத்த உதவித் திட்டத்தின் கீழ் வந்த அந்த ஐபிஎம் 1620 இயந்திரத்தைச் சுற்றித்தான், பொறியாளர் அனைவரும் நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டில் வேர்விட்டது.

அந்த எண்ணத்தைப் பாடநூலாக்கியவர் ஒரு தமிழர். 1933ல் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன், கான்பூர் வகுப்புகளுக்கென எழுதிய குறிப்புகளை விரித்து 1969ல் நிரலாக்க அடிப்படைகளைப் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். அயல்நாட்டு நூல்கள் விலைக்கு எட்டாதிருந்த காலத்தில், மாணவர் வாங்கக்கூடிய விலையில் வந்த நூல் அது. இயந்திரத்தையே பார்த்திராத பலர் அவருடைய நூல்களின் வழியாகத்தான் ஃபோர்ட்ரான் மொழியைக் கற்றார்கள்.

அக்காலத்தில் நிரல் எழுதுவது எப்படி இருந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். ஒரு வரிக்கு ஓர் அட்டை; அட்டைக்கு 80 கட்டங்கள். எழுத்துகளைத் துளைகளாக்கி, அட்டைக்கட்டை ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி தவறினாலும் விடை வராது. திருத்தி மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும். இந்தச் சிரமத்தில் ஒரு நன்மையும் ஒளிந்திருந்தது. இயந்திரம் அரிதாக இருந்ததால் சிந்தனை முதலில் தாளில் நடந்தே தீர வேண்டியிருந்தது. கணக்கைப் படிகளாகப் பிரித்து, ஓட்டப்படம் வரைந்து, மனத்துக்குள் ஓட்டிப்பார்த்த பிறகே மாணவன் அட்டையைத் தொட்டான்.

1973ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு மேற்கு ஜெர்மனியின் உதவியில் ஐபிஎம் 370 வந்தது. 1984ஐ ஒட்டி எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழிதிறந்தது. 2001ல் மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் குடைக்கீழ் வந்தன. 2007ல் நுழைவுத்தேர்வு நீங்கியது. 2008ல் திருத்தணியிலேயே, திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, ஜி.ஆர்.டி. பொறியியல் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியது. 2010ல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை வந்தது. கான்பூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்காகப் பிறந்த பாடம், அரை நூற்றாண்டுக்குள், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய பிள்ளையின் மேசைக்கு வந்து சேர்ந்தது. இது சிறிய சாதனை அல்ல.

ஆனால் வந்து சேர்ந்தது எது? அண்ணா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு கதை தெரிகிறது. 2008ன் திட்டத்தில் கணிப்பொறியின் வரலாறு, அலுவலக மென்பொருள்கள், பிறகு சி மொழி என எல்லாம் கலந்திருந்தன. 2013ல் பாடத்தின் பெயர் கணினி நிரலாக்கம். பெரும்பகுதி சி மொழியின் இலக்கணம். 2017ல் பெயரே மாறியது: சிக்கல் தீர்த்தலும் பைத்தான் நிரலாக்கமும். முதல் அலகில் மொழியே கிடையாது. அடுக்கிய சீட்டுகளுக்கிடையே புதுச் சீட்டைச் செருகுவது, மறைத்து வைத்த எண்ணைக் கண்டுபிடிப்பது, ஹனாய் கோபுரப் புதிர் என, படிப்படியாக யோசிப்பதற்கான பயிற்சிகள் மட்டுமே. 2021ன் திட்டமும் இதே பெயரைத் தொடர்ந்தது. அட்டைக்காலத்து மாணவன் வேறு வழியின்றிச் செய்ததை, இயந்திரம் மலிந்த காலத்தில் ஓர் அலகாக எழுதி வைக்க வேண்டியதாயிற்று என்றே இதைப் புரிந்துகொள்கிறேன்.

திருத்தணி மலைக்கு 365 படிகள் என்பது மரபு. ஆண்டின் கடைசி நாளில் நடக்கும் படித்திருவிழாவில் படிக்கொரு திருப்புகழாகப் பாடி ஏறுகிறார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு, படி தீரும்வரை அடுத்த படி: நிரலாக்கத்தில் சுழற்சி என்று சொல்லப்படுவது இதைத்தான். இப்படிகளுள் ஒன்றை நீங்கள் மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். நடுப்படியைக் காட்டி அதற்கு மேலா என்று நான் கேட்பேன். ஆம் என்றாலும் இல்லை என்றாலும் பாதி மலை கழிந்துவிடும். மீதியில் மறுபடி நடுப்படி. ஒன்பது கேள்விகளுக்குள் உங்கள் படியில் வந்து நிற்பேன். பாதி பாதியாகத் தேடும் இந்த முறை பெருங்கணிப்பொறிகள் அன்றாடம் செய்வது. தமிழிலோ தெலுங்கிலோ சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கும் இது விளங்கும்.

இதையே அறிமுகமில்லாத ஆங்கிலத்தில், இலக்கணக்குறிகள் நிறைந்த வரிகளாக முதன்முதலில் சந்திக்கும் மாணவன் என்ன செய்வான்? மனப்பாடம் செய்வான். நிரலை எழுத்துப் பிசகாமல் தேர்வுத்தாளில் எழுதிவிட்டு, எண்ணொன்றை மாற்றிக் கேட்டால் திகைத்து நிற்கும் மாணவர்களை ஆசிரியர்கள் பலரும் அறிவார்கள். அவனுக்கு அறிவு குறைவு என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். உண்மையில் அவன் ஒரே நேரத்தில் மூன்று மொழிகளோடு மல்லுக்கட்டுகிறான்: நிரல்மொழி, அதை விளக்கும் ஆங்கிலம், தருக்கத்தின் மொழி. மூன்றாவதைத் தாய்மொழியில் பெற்றிருந்தால் மற்ற இரண்டும் எளிதாகியிருக்கும்.

கணிப்பொறியைத் தமிழில் பேச முடியும் என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. பொறியாளரான சுஜாதா வார இதழ் வாசகனுக்கு அதைச் சொல்லிக் காட்டினார். 2010ல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. முத்து அண்ணாமலை தமிழ்ச் சொற்களாலான எழில் என்ற நிரல்மொழியையே உருவாக்கினார். இம்முயற்சிகள் மதிக்கத்தக்கவை. ஆயினும் தமிழ்வழிப் பிரிவுகளுக்கு மாணவர் வரத்து குறைந்து, 2023ல் உறுப்புக் கல்லூரிகளில் அவற்றை நிறுத்தி வைப்பதாக அறிவிப்பு வந்து பின்னர் திரும்பப் பெறப்பட்டது. வேலை ஆங்கிலத்தில் இருக்கிறது என்ற பெற்றோரின் அச்சத்தைப் பழிப்பதில் பயனில்லை, அது நியாயமானது.

சி மொழியின் அடிப்படைச் சொற்கள் வெறும் 32. அவை ஆங்கிலத்தில் இருப்பது எந்தப் பிள்ளைக்கும் பெரிய தடையல்ல. தடை, அச்சொற்களுக்கு முன்னால் நிகழ வேண்டிய உரையாடலில் இருக்கிறது. எதை முதலில் செய்வது, எப்போது நிறுத்துவது, இப்படி நடக்காவிட்டால் என்ன என்ற கேள்விகள் வகுப்பில் வாய்விட்டுப் பேசப்பட வேண்டும். தப்பாகச் சொல்லவும், மறுத்துப் பேசவும், சிரிக்கவும் முடிகிற மொழியில்தான் அப்பேச்சு நடக்கும். திருத்தணியில் அது சில பிள்ளைகளுக்குத் தமிழாகவும் சிலருக்குத் தெலுங்காகவும் இருக்கும். 1949ன் அறிக்கை சொன்ன மூன்றும் இங்கே ஒரு வகுப்பறைக்குள் பொருந்திவிடுகின்றன: யோசனை தாய்மொழியில், கலைச்சொல் உலக வழக்கில், மேற்படிப்புக்கான வாசிப்பு ஆங்கிலத்தில்.

புதிய பல்கலைக்கழகமோ அரசாணையோ இதற்கு வேண்டியதில்லை. முதல் அலகின் சில வாரங்கள், ஒரு கரும்பலகை, மாணவனின் மொழியில் கேள்வி கேட்கக் கூச்சப்படாத ஓர் ஆசிரியர் போதும். எல்லைக்கோடு எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதை அந்தத் தலைமுறை போராடித் தீர்த்துவைத்தது. கோட்டுக்கு இப்பால் நின்று படிக்கும் பிள்ளைக்குத் தன் மொழியில் யோசிக்கும் உரிமையைத் தருவது நம் தலைமுறையின் வேலை.