தியத்தலாவைக்கு வந்த கைதிகளும் .22 துவக்கும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது வாசியுங்கள்.

போன மாதம் எங்கள் பாடசாலையின் கடெற் அணி முகாமுக்குப் போய் வந்தது. திரும்பி வந்த தரம் 10 மாணவன் ஒருவன் ஏமாற்றத்தோடு கேட்டான்: "சேர், எங்களுக்குச் சுடத் தந்தது சின்ன .22 துவக்குத்தான். ஒரு ரவை போடணும், சுடணும், பிறகு இன்னொன்டு போடணும். ஏன் சேர் பெரிய துவக்குத் தாறாங்க இல்ல?"

அதே கிழமை இன்னொரு பிள்ளையின் உம்மா என்னைச் சந்திக்க வந்தார். "சேர், நாங்க யுத்தத்தையும் பார்த்த ஆக்கள், 2019க்குப் பிறகு பட்டதையும் பார்த்த ஆக்கள். எங்கட புள்ளைக்கு எதுக்கு சேர் துவக்கு?"

இரண்டு கேள்விகளுக்கும் அந்த நேரத்தில் ஒழுங்கான பதில் என்னிடம் இருக்கவில்லை. வரலாறு படிப்பிப்பவன் என்பதால் பிறகு வீட்டில் இருந்து யோசித்தேன். இரண்டுக்கும் பதில் ஒரே கதைக்குள் இருக்கிறது. அந்தக் கதையின் ஒரு பகுதி எங்கள் நாட்டின் தியத்தலாவையிலேயே நடந்தது.

1899 ஒக்டோபரில் தென்னாபிரிக்காவில் பிரித்தானியாவுக்கும் போயர்களுக்கும் இடையில் யுத்தம் தொடங்கியது. போயர்கள் பெரும்பாலும் ஒல்லாந்த வழிவந்த விவசாயிகள். சீருடை அணிந்த பெரிய படை அவர்களிடம் இல்லை. ஆனால் சிறு வயதிலிருந்தே குதிரையில் ஏறி, வெட்டவெளியில் வேட்டையாடிப் பழகியவர்கள். ரவை விலை கூடியது. அதனால் ஒரு ரவையையும் வீணாக்காமல் சுடப் பழகியிருந்தார்கள்.

அவர்களிடம் ஜெர்மனியின் மவுசர் துவக்கு இருந்தது. ட்ரான்ஸ்வால் அரசு யுத்தத்துக்கு முன்பே சுமார் 37,000 மவுசர்களை வாங்கி வைத்திருந்தது. இதைத்தான் 'போல்ட் அக்‌ஷன்' என்கிறோம். கதவுத் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்ட ரவையின் வெற்றுக்கோது வெளியே விழும். முன்னால் தள்ளிக் கீழே மடக்கினால் புதிய ரவை உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். பிரித்தானியப் படையினரிடம் இருந்த .303 துவக்கும் இதே வகைதான். அதில் 10 ரவைகள் கொள்ளும், ஆனால் அந்த நாளில் ஒவ்வொன்றாகத்தான் போடவேண்டும். மவுசருக்கு 5 ரவைகளை ஒரே தகட்டில் கோத்து ஒரே தள்ளலில் போடலாம்.

1899 டிசம்பர் 10 முதல் 17 வரையான கிழமையைப் பிரித்தானியர் 'கறுப்பு வாரம்' என்றார்கள். ஸ்டோர்ம்பேர்க், மகர்ஸ்பொன்ரெய்ன், கொலென்சோ என்று அடுத்தடுத்து மூன்று இடங்களில் தோல்வி. உலகின் பெரிய சாம்ராஜ்யத்தின் படையை விவசாயிகள் தடுத்து நிறுத்தினார்கள். துவக்கில் இருந்த வித்தியாசம் ஒரு காரணம்தான். குறி பார்க்கத் தெரிந்த கையும் கண்ணும் அதைவிடப் பெரிய காரணம் என்ற முடிவுக்குப் பிரித்தானியாவில் பலர் வந்தார்கள்.

அப்போதுதான் அங்கே ஒரு கேள்வி எழுந்தது. நகரத்துத் தொழிற்சாலையில் வாரம் ஆறு நாள் வேலை செய்யும் சாதாரண மனிதன் எங்கே, எப்படிச் சுடப் பழகுவான்? .303 துவக்கால் பழக நூற்றுக்கணக்கான யார் நீளமான வெளியும் பின்னால் பெரிய மண்மேடும் வேண்டும். ரவைச் செலவும் அதிகம்.

இதற்கு அவர்கள் கண்டுபிடித்த விடை, சிறியதாக்குவது. 1887இல் அமெரிக்காவில் உருவான '.22 லோங் ரைபிள்' என்ற சின்ன ரவை ஏற்கனவே பாவனையில் இருந்தது. அதன் சன்னம் சுமார் 2.6 கிராம். அன்றைய .303 சன்னம் சுமார் 14 கிராம். விலை மலிவு, சத்தம் குறைவு. 25 யார் நீளமான ஒரு மண்டபம் இருந்தால் போதும். 1901இல் தொழிலாளர் துப்பாக்கிக் கழகங்களுக்கான சங்கம் ஒன்று உருவானது. தென்னாபிரிக்காவில் படைக்குத் தலைமை தாங்கிய லோர்ட் ரொபர்ட்ஸ் பின்பு இந்த இயக்கத்தின் முக்கிய முகமாக இருந்தார்.

அடுத்தது, எந்தத் துவக்கைத் தெரிவு செய்வது? இதில் வாதம் இருந்தது. போட்டிக்காரர்கள் பலருக்குக் கீழே நெம்புகோல் உள்ள மார்ட்டினி வகையே பிடித்திருந்தது. ஆனால் பிரித்தானிய யுத்த அமைச்சு 1905-06 காலப்பகுதியில் பயிற்சிக்கென்று ஒரு மாதிரியை விரும்பியபோது போல்ட் வகையையே தெரிவு செய்தது. கை எதைப் பழகுகிறதோ அதையே பின்னரும் செய்யும் என்பதுதான் காரணம். எங்கள் வாப்பாமார் மோட்டார் சைக்கிளால் அறிந்து வைத்திருந்த பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ கம்பனி அப்படியான துவக்குகளைச் செய்தது.

அன்று அவர்கள் பார்த்த விடயங்கள் இன்றும் மாறவில்லை. துவக்கின் மரக்கட்டை பழகுபவரின் கை நீளத்துக்குப் பொருந்தவேண்டும். பாரம் கூடினால் சின்னப் பிள்ளையின் கை களைத்துவிடும், மிகவும் குறைந்தால் குழல் ஆடும். விசை இழுபடாமல் மெதுவாக விடுபடவேண்டும். குறி பார்க்கும் துளை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கவேண்டும். கடைசியாக, ஒவ்வொரு ரவையையும் கையால் போடவேண்டும்.

தம்பி, உன் கேள்விக்கு இதுதான் பதில். பெரிய துவக்கு தோளில் அடிக்கும், காதை அடைக்கும். புதிதாகப் பழகுபவன் அந்த அடியை எதிர்பார்த்துக் கண்ணை மூடுவான், விசையை வெடுக்கென்று இழுப்பான். அந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டினால் கழற்றுவது கஷ்டம். சின்னத் துவக்கு பயமுறுத்தாது. அதனால் பிழை உன்னுடையது என்பது தெளிவாகத் தெரியும். ஒரு ரவை போட்டுச் சுட்டுவிட்டு, மூச்சை அடக்கி, என்ன பிழை விட்டோம் என்று யோசித்து அடுத்ததைப் போடுவதற்குள்தான் படிப்பே இருக்கிறது.

இனி அந்த உம்மாவின் கேள்வி.

இந்தப் பாடத்தைப் பிரித்தானியருக்குப் படிப்பித்த போயர்களில் சுமார் 5,000 பேர் கைதிகளாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 1900 ஓகஸ்டில் முதல் கப்பல் வந்தது. பிரதான முகாம் தியத்தலாவ. ராகம, கல்கிசை, ஹம்பாந்தோட்டை போன்ற இடங்களிலும் முகாம்கள் இருந்தன. நெருப்புக்காய்ச்சலிலும் வேறு நோய்களிலும் நூற்றுக்கும் அதிகமானோர் இங்கேயே மௌத்தாகி, இந்த மண்ணிலேயே அடக்கப்பட்டார்கள். அவர்கள் வந்த நேரம், 1882இல் அதே சாம்ராஜ்யத்திடம் தோற்று நாடு கடத்தப்பட்ட எங்களுக்கெல்லாம் தெரிந்த ஒராபி பாஷாவும் இன்னும் கண்டியில்தான் இருந்தார்.

யுத்தம் முடிந்ததும் முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்தால் ஊருக்குப் போகலாம் என்றார்கள். எங்கெல்பிரெக்ட் என்ற கைதி மறுத்துவிட்டார். இங்கேயே தங்கி, யால காட்டின் முதல் காவலரானார். வேட்டையாடப் பழகிய கண், வேட்டைக்காரரிடமிருந்து மிருகங்களைக் காக்கும் வேலைக்குப் போனது.

ஆனால் கதையின் மறுபக்கத்தை மறைத்தால் நான் வரலாற்று ஆசிரியன் இல்லை. அந்த யுத்தத்தில் பிரித்தானியர் பண்ணைகளைக் கொளுத்தி, குடும்பங்களை முகாம்களில் அடைத்தார்கள். அங்கே 26,000க்கும் அதிகமான போயர்ப் பெண்களும் பிள்ளைகளும் இறந்தார்கள். பெரும்பாலானோர் பிள்ளைகள். கறுப்பின மக்களுக்கென்று இருந்த முகாம்களில் 14,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அவர்களில் எவரையும் கொன்றது குறி தவறாத ரவை இல்லை. பசியும் நோயும், மேலே இருந்தவர்கள் எடுத்த முடிவும்தான்.

சின்னத் துவக்கு அதற்குப் பிறகு இரண்டு பாதையில் போனது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் அது விளையாட்டாகியது. இன்று 50 மீற்றர் போட்டியில் நடுவில் உள்ள 10 புள்ளி வட்டத்தின் அகலம் 10.4 மில்லிமீற்றர்தான், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. மற்றப் பாதை 1914க்குப் போனது. கழகங்களிலும் கடெற் அணிகளிலும் கடதாசியில் சுட்டுப் பழகிய பொடியன்மார் பலர் பதுங்குகுழிகளுக்குப் போனார்கள். பலர் திரும்பி வரவில்லை.

அதனால் அந்த உம்மாவிடம் "பயப்பட ஒன்றுமில்லை" என்று நான் சொல்லவில்லை. அவருடைய பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒன்று மட்டும் சொன்னேன்: ஒவ்வொரு ரவையும் எண்ணித் தரப்பட்டு, வெற்றுக்கோது எண்ணித் திரும்ப எடுக்கப்படும் இடத்தில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, இந்தச் சாமானின் பாரத்தைப் பிள்ளை அறியட்டும். படத்திலும் போன் விளையாட்டிலும் அதற்குப் பாரமே இல்லை.

முடிவு அவருடையது. "யோசிக்கிறேன் சேர்" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னும் கையொப்பம் வரவில்லை. நான் அவசரப்படுத்தவும் இல்லை.

முந்திய காலத்தில் கடெற்றில் இருந்து .22 சுட்ட மூத்தவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறீர்கள். உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். அடுத்த கிழமை வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன், இன்ஷா அல்லாஹ்.