சுவீகாரம் முதல் கேரிங்ஸ் வரை: தத்தெடுப்புச் சொற்கள் வந்த வழி

‘பி.ஏ.பி.க்கு எச்.எஸ்.ஆர். முடிந்துவிட்டது, எஸ்.ஏ.ஏ.வில் எல்.எஃப்.ஏ. ஆன குழந்தை இருந்தால் கேரிங்ஸில் ரெஃபரல் வரும்.’ குழந்தையைத் தத்தெடுக்க இன்று பதிவுசெய்யும் எந்தத் தம்பதியும் இந்த மாதிரிப் பேச்சுக்குப் பழகியாக வேண்டும். பி.ஏ.பி. என்பது அவர்களேதான்: தத்தெடுக்க விண்ணப்பித்துக் காத்திருக்கும் பெற்றோர். எச்.எஸ்.ஆர். என்பது சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து எழுதும் இல்ல ஆய்வறிக்கை. எஸ்.ஏ.ஏ. என்பது அரசு அங்கீகாரம் பெற்ற சிறப்புத் தத்தெடுப்பு நிறுவனம். எல்.எஃப்.ஏ. என்றால் தத்துக் கொடுக்கச் சட்டத் தடை ஏதும் இல்லாத குழந்தை. கேரிங்ஸ், இவை அனைத்தையும் இணைக்கும் மத்திய அரசின் இணையதளம். ரெஃபரல், அதன் வழியே பெற்றோருக்கு வரும் குழந்தையின் விவரம்.

அரசு அலுவலகங்களுக்கே உரிய சுருக்கு வழி என்று இவற்றை ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் இந்தச் சொற்களில் பலவும் ஏதோ ஒரு வழக்குக்கோ மோசடிக்கோ பதிலாகப் பிறந்தவை. அவை வந்த வரிசையைப் பின்தொடர்ந்தால், ஒரு குழந்தையை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கும் அதிகாரம் எந்தெந்தக் கைகளுக்கு மாறியது என்பது புலப்படும்.

தர்ம சாஸ்திரங்கள் பன்னிரண்டு வகைப் புதல்வர்களைச் சொல்கின்றன. வயிற்றில் பிறந்தவன் ஔரசன். கொடுக்கப்பட்டு வந்தவன் தத்தகன். இரண்டு தந்தையருக்கும் மகனாக எண்ணப்பட்டவனுக்குத் துவியாமுஷ்யாயணன் என்று பெயர். நந்த பண்டிதரின் தத்தக மீமாம்சையும், அதனுடன் சேர்த்துப் பேசப்படும் தத்தக சந்திரிகையும் 1821இல் சதர்லேண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளிவந்தன. அதன்பின் ஆங்கிலேய நீதிபதிகளுக்கு அவையே கைநூல்கள். அந்தச் சொற்களஞ்சியம் முழுவதும் மகனையே சுற்றி வருகிறது: பிண்டம் வைக்க ஒருவன், சொத்தைத் தொடர ஒருவன். மகளைத் தத்தெடுப்பதை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்கவில்லை. தேவதாசிகள் பெண் குழந்தையைத் தத்தெடுக்கும் வழக்கத்தைச் சென்னை மாகாண நீதிமன்றங்கள் ஏற்றது ஒரு விதிவிலக்கு. அங்கேயும் கேள்வி வாரிசைப் பற்றியதுதான்.

ஏட்டுச் சொற்களுக்கு வெளியே ஊர் வழக்கு தன் போக்கில் இருந்தது. பத்திரங்களில் ‘சுவீகார புத்திரன்’ என்று எழுதினாலும், நகரத்தார் வீடுகளில் அது ‘பிள்ளை கூட்டுவது’. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையை 1707இல் டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தபோது, தத்தெடுப்பவர்கள் உறவினர் சம்மதத்துடன் மஞ்சள் நீர் பருகும் சடங்கும் அதில் பதிவானது. ஹோமமும் மந்திரமும் இல்லாமல், மஞ்சள் கரைத்த நீரே அங்கே சாட்சி.

சுவீகாரம் என்ற சொல் அரசியல் வெடிமருந்தானது கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்தில். ஆண் வாரிசு இல்லாத மன்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஒப்புதல் பெறாமல் எடுத்த தத்து, ராஜ்யத்துக்குச் செல்லாது என்றார்கள். 1848இல் சதாரா போனது; பின்னாலேயே ஜான்சியும் நாகபுரியும். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு அந்தக் கொள்கை கைவிடப்பட்டது.

தமிழகத்துக்கு அதைவிட நெருக்கமானது 1868ஆம் ஆண்டின் ராமநாதபுரம் வழக்கு. கணவர் உயிரோடு இருந்தபோது அனுமதி கொடுக்காத நிலையில், விதவை ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் கணவரின் சபிண்டர்களுடைய, அதாவது நெருங்கிய ரத்த உறவினர்களுடைய, சம்மதத்தைப் பெற்றுத் தத்தெடுத்தார். மதுரை கலெக்டர் எதிர்த்தார். தத்து செல்லாது என்றால் ஜமீன் சர்க்காருக்கு என்ற கணக்கு அதில் இருந்தது. லண்டன் பிரிவி கவுன்சில் ராணியின் பக்கம் தீர்ப்பளித்தது. திராவிட மரபில் சபிண்டர்களின் ஒப்புதலே போதும் என்றும், எழுதி வைத்த சாஸ்திரத்தைவிட நிரூபிக்கப்பட்ட வழக்கத்துக்கு எடை கூடுதல் என்றும் அது சொன்னது. விவேகானந்தரின் சிகாகோ பயணத்துக்குத் துணைநின்ற பாஸ்கர சேதுபதி அந்தத் தத்துப் பிள்ளையின் மகன்.

1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் இந்தப் பழைய அகராதியைப் பெரிதும் சுருக்கிவிட்டது. மகளையும் தத்தெடுக்கலாம். தத்த ஹோமம் கட்டாயமில்லை. ஆனால் குழந்தையைக் கையால் கொடுத்துக் கையால் வாங்கும் செயல் நடந்தே ஆக வேண்டும்; அது இன்றும் சட்டத்தில் இருக்கிறது. கணவர் உடனிருக்கும் மனைவி தன் பெயரில் தத்தெடுக்கும் உரிமைக்கு மட்டும் 2010ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் கணவரின் சம்மதத்துடன்தான்.

இந்துக்கள் அல்லாதோருக்கு அந்தச் சட்டமும் இல்லை. 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்படி ஒரு கிறிஸ்தவத் தம்பதி வளர்த்த பிள்ளைக்கு அவர்கள் ‘கார்டியன்’, பிள்ளை ‘வார்டு’. பதினெட்டு வயது நிறைந்ததும் சட்டத்தின் கண்ணில் அந்த உறவு முடிந்துவிடும். எல்லோருக்கும் பொதுவான தத்துச் சட்டத்துக்காக 1972இலும் 1980இலும் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதாக்கள் நிறைவேறவில்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் வழியாக எந்த மதத்தவரும் தத்தெடுக்கலாம் என்று ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ததே 2014இல்தான்.

சுருக்கப்பெயர்களின் காலம் ஒரு கடிதத்தில் தொடங்கியது. இந்தியக் குழந்தைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஏற்பாடுகளில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றி வழக்கறிஞர் லட்சுமி காந்த் பாண்டே உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினார்; அதுவே மனுவாக ஏற்கப்பட்டது. 1984இல் நீதிபதி பி.என்.பகவதி அளித்த தீர்ப்பு, எந்த நிறுவனம் கொடுக்கலாம், யார் சரிபார்க்க வேண்டும், என்னென்ன அறிக்கை வேண்டும் என்று வரிவரியாக விதித்தது. 1990இல் ‘காரா’ என்ற மத்தியத் தத்துவள முகமை உருவானது. அங்கீகாரம் பெற்ற இந்திய நிறுவனத்துக்கு ‘ரிபா’ என்றும், பட்டியலில் இடம்பெற்ற வெளிநாட்டு நிறுவனத்துக்கு ‘ஈ.எஃப்.ஏ.ஏ.’ என்றும் பெயர்கள் வந்தன. இந்த இரண்டும் இப்போது பழைய கோப்புகளில் மட்டுமே கண்ணில் படும்.

அங்கீகாரம் இருந்தால் மோசடி நின்றுவிடும் என்று நம்பியவர்களுக்கு அடுத்த இருபது ஆண்டுகள் கசப்பானவை. 1999இலும் 2001இலும் ஆந்திரத்தில், லம்பாடி மக்களின் குடியிருப்புகளான தண்டாக்களில் ஏழைத் தாய்மாரிடமிருந்து குழந்தைகள் பெறப்பட்ட விதம் பெரும் சர்ச்சையானது. 2005இல் சென்னையில், குடிசைப் பகுதிகளிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள் போலி ஒப்படைப்புப் பத்திரங்களுடன் வெளிநாட்டுக்குத் தத்து அனுப்பப்பட்டது வெளிச்சத்துக்கு வந்தது. பத்திரம் இருந்தது, கையெழுத்து இருந்தது, தாய்தான் இல்லை.

எல்.எஃப்.ஏ. என்ற மூன்றெழுத்துக்கு இத்தனை கனம் ஏன் என்பது இங்கே விளங்கும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, ஒரு குழந்தை தத்துக்கு உரியது என்று அறிவிக்கும் அதிகாரம் குழந்தைகள் நலக் குழுவுக்கு மட்டுமே. ஆதரவற்ற, கைவிடப்பட்ட குழந்தைக்கு இரண்டு வயது வரை என்றால் 2 மாதங்களுக்குள்ளும், அதற்கு மேல் என்றால் 4 மாதங்களுக்குள்ளும் பெற்றோரைத் தேடிப் பார்த்துவிட்டு முடிவு சொல்ல வேண்டும். தாயே முன்வந்து ஒப்படைத்தால், மனம் மாற 2 மாத அவகாசம் உண்டு. ‘கைவிடப்பட்ட’, ‘ஒப்படைக்கப்பட்ட’ என்ற இரண்டும் பேச்சில் ஒன்றுபோலத் தோன்றினாலும் கோப்பில் வேறு வேறு பாதைகள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தில், கையெழுத்துப் போடாமல் தொட்டிலில் விட்டுப்போன குழந்தைகள் பலர். பின்னாளில் வேரைத் தேடும்போது அவர்களுக்கு ஒரு பெயர்கூடக் கிடைக்காது.

2015 ஆகஸ்டில் இன்னொரு அதிகாரம் கைமாறியது. அதுவரை தம்பதியர் ஒரு நிறுவனத்தில் பதிவுசெய்து, அங்கே உள்ளவர்களின் தயவில் காத்திருந்தார்கள். யாருக்கு எந்தக் குழந்தை என்பது நிறுவனத்தின் விருப்பம். நன்கொடைப் பேச்சும் அதைச் சுற்றித்தான். புதிய விதிகள் நாடு முழுவதற்கும் ஒரே மூப்புப் பட்டியலை கேரிங்ஸில் கொண்டுவந்தன. வரிசை வந்ததும் ரெஃபரல் வரும்: ஒரு புகைப்படம், குழந்தையின் பின்னணியைச் சொல்லும் சி.எஸ்.ஆர்., மருத்துவப் பரிசோதனை அறிக்கையான எம்.இ.ஆர். எடை, உயரம், தலைச்சுற்றளவு, ரத்தப் பரிசோதனை முடிவுகள் என்று போகும் அந்தத் தாள்களைத் தாங்கள் நம்பும் குழந்தை மருத்துவரிடம் காட்டலாம். ஆனால் 48 மணி நேரத்துக்குள் குழந்தையை ‘ரிசர்வ்’ செய்ய வேண்டும். ரயில் டிக்கெட்டுக்குச் சொல்லும் அதே சொல்லை இங்கே புழக்கத்தில் விட்டவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

2021ஆம் ஆண்டுத் திருத்தம் தத்து ஆணை பிறப்பிக்கும் பொறுப்பை நீதிமன்றத்திலிருந்து மாவட்ட ஆட்சியருக்கு மாற்றியது. 2022 செப்டம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதே மாதம் வந்த புதிய ஒழுங்குமுறைகளின் கீழ்தான் இன்றைய விண்ணப்பங்கள் நகர்கின்றன. அன்று ராணியின் தத்தை எதிர்த்து நின்ற கலெக்டரின் வாரிசுகள் கையில் இன்று ஆணையே இருப்பது வரலாற்றின் குறும்பு.

இவை எல்லாம் சட்டம் வைத்த பெயர்கள். சம்பந்தப்பட்டவர்கள் தாங்களாகவே வைத்துக்கொண்ட பெயர்களும் உண்டு. அமெரிக்காவில் குழந்தையைக் கொடுத்த தாயை ‘இயற்கைத் தாய்’ என்று அழைத்துவந்தார்கள். அப்படியானால் வளர்ப்பவள் செயற்கையா என்ற எரிச்சல் எழுந்தது. 1976இல் அத்தகைய தாய்மார் அமைப்பாகத் திரண்டபோது, ஆங்கிலத்தில் ‘பர்த் பேரண்ட்’ என்ற சொல்லைத் தங்கள் பெயரிலேயே சேர்த்துக்கொண்டார்கள். தமிழுக்கு இந்தச் சண்டை தேவைப்படவில்லை. பெற்ற தாய், வளர்த்த தாய் என்று இரண்டுக்கும் மதிப்பான சொற்கள் நம்மிடம் உண்டு. ஆனாலும் அக்கம்பக்கத்தார் வாயில் ‘சொந்தப் பிள்ளையா?’ என்ற கேள்வி இன்னும் போகவில்லை.

அண்மைச் சொற்களில் ‘ரூட் சர்ச்’ மட்டும் குழந்தையின் பக்கத்திலிருந்து வருவது: தத்துப் போனவர் தன் வேரைத் தேடுவது. 18 வயது நிறைந்தவர் தானே விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைந்தவர் வளர்ப்புப் பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். ஒப்படைத்த தாய் தன் அடையாளம் வெளியாகக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தால், அவள் சம்மதம் இல்லாமல் அவள் யார் என்பது சொல்லப்படாது. வேறொருவர் பெயரில் மூன்றாம் நபர் தேடுவதற்கு விதிகளில் அனுமதி இல்லை.