எட்டு மணி நேரம்

பொழுது சாயும் வேளையில் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டைப் பக்கம் போனால், வேலை விட்டு வீடு திரும்புகிறவர்களைப் பார்க்கலாம். மணி பார்த்து வேலையை விடுவது நமக்கு இயல்பாகிவிட்டது. ஆனால் இந்தப் புதுவையில் அதற்கு உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

1919-இல் வாஷிங்டனில் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, ஆலைத் தொழிலாளிக்கு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று விதித்தது. நல்ல விதிதான். ஆனால் அதற்குள்ளேயே ஒரு தனி ஷரத்து: பிரிட்டிஷ் இந்தியாவில் வாரத்துக்கு 60 மணி! ஜப்பானுக்கும் இப்படியொரு சலுகை. சலுகை யாருக்கு? உழைக்கிறவனுக்கா? இல்லை, முதலாளிக்கு. சென்னை ராஜதானித் தொழிலாளிக்கு 48 மணி நேர வாரம் சட்டமாக 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிரெஞ்சுப் புதுவையின் கதை இன்னும் வேடிக்கை. 1936 ஜூனில் பாரிஸில் லெயோன் ப்ளூம் சர்க்கார் வாரத்துக்கு 40 மணி நேர வேலையையும், சம்பளத்தோடு 2 வார விடுமுறையையும் சட்டமாக்கியது. அதே கொடி பறந்த புதுவையில் மில் தொழிலாளி பத்து மணிக்கு மேல் இயந்திரத்தின் முன் நின்றான். ஒரே சர்க்கார், ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நீதி, இந்தப் பக்கம் ஒரு நீதி.

அந்த நீதியைக் கேட்டவர்களுக்கு 1936 ஜூலை 30-ஆம் தேதி பதில் கிடைத்தது. சவானா மில்லில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது பிரெஞ்சுப் படை சுட்டது. 12 பேர் மாண்டார்கள். இயக்கம் அத்துடன் கலைந்திருக்கலாம், கலையவில்லை. வ. சுப்பையா முதலானோர் அதைத் தாங்கிப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டிலேயே, 1937-இல், 8 மணி நேர வேலை புதுவையில் சட்டமாயிற்று. ஆசியாவிலேயே இதுதான் முதல் என்று ஊரார் பெருமையாகச் சொல்லுவார்கள். முதலோ, இரண்டாவதோ, காகிதத்தில் இருந்த விதியை நிஜமாக்கியது ஜெனீவாவோ பாரிஸோ அல்ல, மில் வாசலில் நின்றவர்கள்தாம்.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. எதிர்ப்பு வலுத்ததும் மே தினத்தன்று அது வாபஸ் என்று அறிவித்தார்கள்.

வாங்கிய உரிமையை வாங்கியவன்தான் காவல் காக்க வேண்டும். வேறு காவல்காரன் கிடையாது.