கோயம்பேடு: ஒரு முடிச்சும் அதிலிருந்து பிரியும் ரோடுகளும்

2020 மார்ச் கடைசியில ஐயப்பன்தாங்கல் டெப்போ ஞாபகம் இருக்கா? 25-ம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு, பஸ்ஸெல்லாம் நின்னு போச்சு. பஸ் ஓடலைன்னா கொரோனாவும் ஓடாதுன்னுதான் நானும் நெனச்சேன். ஆனா காய்கறி லாரி நிக்கலை. நிக்கவும் முடியாது, கொழம்பு வைக்கணுமே!

அந்த லாரிகள் போன இடம் கோயம்பேடு. கொத்தவால் சாவடியில நெரிசல் தாங்காம 1996-ல் மாத்தின சந்தை. வெளியூர்ச் சரக்கு இங்கே இறங்கி, சென்னையின் தெருக்கடைகளுக்குப் பிரிஞ்சு போகும். வலைப்பின்னல் கணக்குல இதைப் பெரிய முடிச்சுன்னு சொல்லலாம்.

பாஸ்டர் சட்டோரஸ், வெஸ்பிக்னானின்னு ரெண்டு இயற்பியலாளர்கள் 2001-ல் கம்ப்யூட்டர் வைரஸை வெச்சு ஒரு விஷயம் காட்டினாங்க. எல்லாருக்கும் ஏறக்குறைய சமமான தொடர்பு இருந்தா, மெதுவாப் பரவுற நோய் தானா அணைஞ்சிடும். சில முடிச்சுகளுக்கு மட்டும் ஏகப்பட்ட தொடர்பு இருந்தா, அதே நோய் அணையாது. கண்ட இடத்துல அடைச்சுப் பிரயோஜனமில்லை, முடிச்சைப் பார்க்கணும்.

ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னையில முழு ஊரடங்குன்னு அறிவிச்சதும், 25-ம் தேதி ஊரே கடைக்கு ஓடிச்சு. கோயம்பேட்டிலயும் கூட்டம். அப்புறம் தொற்று தெரிஞ்சு மே 5-ல் சந்தையை மூடினாங்க. ஆனா அதுக்குள்ள சுமை தூக்கற தொழிலாளிங்க சொந்த ஊருக்குக் கிளம்பிட்டாங்க. கடலூர், விழுப்புரம், அரியலூர்னு எண்ணிக்கை எகிறிச்சு. வயநாட்டுல கோயம்பேடு போய் வந்த லாரி டிரைவர் மூலமாத் தொற்று. கிலோமீட்டர் கணக்குல வயநாடு எங்கேயோ இருக்கு, லாரிக் கணக்குல பக்கத்து வீடு.

அப்போ வியாபாரிங்களையும் தொழிலாளிங்களையும் எல்லாரும் திட்டினாங்க. எனக்கு அது நியாயமாப் படலை. வேலையும் இல்லாம, தங்க இடமும் இல்லாம அவங்க எங்கே போவாங்க? முடிச்சை அவிழ்க்கறதுக்கு முன்னாடி, அதுல இருக்கறவங்களுக்கு அங்கேயே சோறும் பரிசோதனையும் கொடுத்திருக்கணும்.

மே 11 வாக்கில காய்கறி மொத்த வியாபாரம் நம்ம பூந்தமல்லி தாண்டித் திருமழிசைக்கு வந்துது. காத்தோட்டமான திறந்தவெளி, கடையும் கம்மி. ஆனாலும் அதுவும் ஒரு முடிச்சுதான் (மழை பெஞ்சா சேறு வேற!). டெப்போ பஸ் செப்டம்பர் 1-ல் மறுபடி ஓடிச்சு. கோயம்பேட்டுல காய்கறி இறங்க 28-ம் தேதி ஆச்சு.