சில்வர்டோன் என்றொரு தொழிற்சாலை இல்லை

சில்வர்டோன் என்ற பெயரில் ஒரு கிதார் தொழிற்சாலை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் அந்தப் பெயர் பொறித்த கிதார்கள் அமெரிக்காவின் பழைய சாமான் கடைகளிலும் வீட்டுப் பரண்களிலும் இன்றைக்கும் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன.

இரண்டு வாரமாக இதைத்தான் நோண்டிக்கொண்டிருக்கிறேன். நான் இருக்கும் சிகாகோ புறநகரில் ஒருவர் பழைய சில்வர்டோன் அக்கூஸ்டிக் ஒன்றை 180 டாலருக்கு விற்கிறார். "தாத்தாவோடது, வருஷம் தெரியாது." அவர் தந்த மொத்தத் தகவலும் இவ்வளவுதான். மார்ட்டின், கிப்ஸன், யமஹா என்றால் யாரிடமும் கேட்டுவிடலாம். கேள்விப்படாத பெயர் என்றால் பாதிப் பேர் "குப்பை, தொடாதே" என்கிறார்கள், மீதிப் பேர் "புதையல், விடாதே" என்கிறார்கள். இரண்டு பேரும் பெயரை மட்டும் பார்த்துப் பேசுகிறார்கள் என்பதுதான் சிக்கல்.

சில்வர்டோன் என்பது சியர்ஸ் நிறுவனத்தின் விற்பனைப் பெயர். சியர்ஸ் எதையும் விற்கும் கம்பெனி: துணி, தையல் மெஷின், கலப்பை, ஒரு காலத்தில் முழு வீடுகூட. எல்லாம் தடித்த கேட்டலாக் ஒன்றில் படத்தோடு இருக்கும். ஆர்டர் எழுதிப் பணம் அனுப்பினால் பொருள் வந்து சேரும். 1896ல் கிராமங்களுக்கு வீடு தேடித் தபால் வரும் ஏற்பாடு தொடங்கியது. 1913ல் அரசாங்கத் தபாலிலேயே பார்சல் அனுப்பும் வசதியும் வந்தது. ரயில் நிலையத்திலிருந்து எட்ட இருந்த கிராமத்துக்கும் அதன்பின் கிதார் போக வழி பிறந்தது.

இதை வெறும் வியாபார வசதி என்று நினைத்துக் கடந்துவிட முடியாது. அன்றைய மிசிசிப்பியில் ஒரு கறுப்பினத்தவர் ஊர்க் கடைக்குப் போனால், வெள்ளைக்காரர் எல்லாரும் வாங்கி முடிக்கும்வரை காத்து நிற்க வேண்டும். பல இடங்களில் கடையே பண்ணை முதலாளியுடையது, கணக்கும் அவர் நோட்டில்தான். கேட்டலாக்குக்கு ஆர்டர் எழுதுகிறவரின் நிறம் தெரியாது. விலை எல்லாருக்கும் ஒன்று. (சியர்ஸின் தலைவராக இருந்த ஜூலியஸ் ரோசன்வால்ட் தென்மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்காக ஏறத்தாழ 5000 பள்ளிகள் எழப் பண உதவி செய்தார். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

இப்படிக் கிதார் வாங்கியவர்களில் ஒருவர் மடி வாட்டர்ஸ். மிசிசிப்பியில் கிளார்க்ஸ்டேல் பக்கத்து ஸ்டோவல் பண்ணையில் வளர்ந்தவர். வீட்டில் மிச்சமிருந்த கடைசிக் குதிரையை விற்று, பாதிப் பணத்தைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு, மீதியில் இரண்டரை டாலருக்கு ஒரு ஸ்டெல்லா கிதார் வாங்கியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆட்கள் அந்தக் கிதார்களைச் சிகாகோவில் இருந்த சியர்ஸிலிருந்து வரவழைத்தார்களாம். 1941ல் ஆலன் லோமாக்ஸ், ஜான் வொர்க் இருவரும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக அந்தப் பண்ணைக்குப் போய் அவர் பாட்டைப் பதிவு செய்தார்கள். 1943ல் அவர் ரயிலேறிச் சிகாகோவுக்கே வந்துவிட்டார். கிதார் போன வழியில் கிதார்காரர் திரும்பி வந்தார் என்று எனக்குத் தோன்றும்.

சரி, யார் செய்தது? சிகாகோவில் ஹார்மனி என்றொரு கம்பெனி இருந்தது. ஜெர்மனியிலிருந்து குடியேறிய வில்ஹெல்ம் ஷுல்ட்ஸ் 1892ல் தொடங்கியது. 1916ல், யூக்கலேலி மோகம் தலைக்கேறிய சமயத்தில், சியர்ஸ் அதை வாங்கிப்போட்டது. 1940ல் அதன் தலைவர் ஜே க்ராஸ் தன் கூட்டாளிகளுடன் சேர்ந்து அதைச் சியர்ஸிடமிருந்து வாங்கிக்கொண்டார். அதன் பிறகும் சியர்ஸுக்குச் சரக்கு போய்க்கொண்டுதான் இருந்தது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் ஒரே கோட், லோகோ மட்டும் வேறு.

ஸ்டெல்லா கதை இன்னும் குழப்படி. அது முதலில் நியூஜெர்சியில் ஆஸ்கர் ஷ்மிட் கம்பெனி செய்த கிதார். லெட் பெல்லி வாசித்த பன்னிரண்டு கம்பி ஸ்டெல்லா அங்கே பிறந்ததுதான். 1939ல் அந்தப் பெயரை ஹார்மனி வாங்கியது. ஆகவே 1930ல் செய்த ஸ்டெல்லாவும் 1960ல் செய்த ஸ்டெல்லாவும் பெயரில் மட்டும்தான் உறவு. சில்வர்டோனிலும் இதே கதை. ஹார்மனி செய்தது உண்டு, கே கம்பெனி செய்தது உண்டு, எலெக்ட்ரிக் என்றால் டேன்எலெக்ட்ரோ செய்ததும் உண்டு.

எனவே வாங்கப் போகிறவர் முன்பக்கம் எழுதியிருப்பதை விட்டுவிட்டு, ஒலித்துளை வழியாக டார்ச் அடித்து உள்ளே பார்க்க வேண்டும். ஹார்மனி தயாரிப்பு என்றால் பெரும்பாலும் மை முத்திரை இருக்கும்: எஃப் அல்லது எஸ் என்ற எழுத்து, பக்கத்தில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். சிலவற்றில் நீளமான எண் ஒன்றும், நடுவில் எச் என்ற எழுத்தும் இருக்கும். எச்சுக்குப் பின்னால் வருவது மாடல் எண். விற்பவரிடம் கேட்டு வாங்கிய படத்தில் எஸ்-64 என்று மங்கலாகத் தெரிந்தது. தாத்தா 1964ல் வாங்கியிருப்பார், அல்லது கொஞ்சம் தள்ளி. பீட்டில்ஸ் அமெரிக்கா வந்து இறங்கிய வருஷம் அது. பையன்கள் எல்லாருக்கும் கிதார் வேண்டியிருந்தது. 1964-65ல் ஹார்மனி 3,50,000 வாத்தியங்கள் விற்றதாகக் கணக்கு.

அவ்வளவு வேகத்தில் செய்தால் எங்கே மிச்சம் பிடிப்பார்கள்? மேல்பலகைக்கு அடியில் ஒட்டும் தாங்குகட்டைகளில். மார்ட்டின் கம்பெனி 1840களிலேயே குறுக்கே எக்ஸ் வடிவில் வைக்கும் முறைக்கு வந்துவிட்டது. மலிவு கிதார்களில் ஏணிப்படி மாதிரி நேர்க்கட்டைகள்தான். செய்வது சுலபம். சத்தம் காய்ந்தாற்போல், பட்டென்று எழுந்து பட்டென்று அடங்கும். நாசூக்கான காதுக்கு அது குறை, ப்ளூஸ் வாசிப்பவருக்கோ அதுதான் வேண்டும். ஒரு விஷயத்தில் இவை உசத்தி: மலிவு மாடல்களிலும் பிர்ச் போன்ற முழுப் பலகை இருக்கும். இன்றைய மலிவு கிதார்களில் பெரும்பாலும் ப்ளைவுட். ஓரத்து வெள்ளைக் கோடு மட்டும் பெயின்ட் அடித்ததாக இருக்கலாம்!

ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையில் இழுக்கின்றன. அறுபது வருஷம் அப்படி இழுத்தால் கழுத்து முன்னால் சாயும். நேரான ஸ்கேல் ஒன்றை ஃப்ரெட்டுகள் மேல் வைத்து நீட்டினால் முனை பிரிட்ஜின் மேல்விளிம்பில் உட்கார வேண்டும். இந்தக் கிதாரில் விளிம்புக்குக் கீழே போய் முட்டுகிறது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பி 5 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது, பாதி இருந்தால் விரலுக்கு இதம். சரிசெய்ய வேண்டுமானால் மூட்டை ஆவியில் இளக்கிக் கழுத்தைக் கழற்றி, அடிப்பாகத்தைச் சீவி, மறுபடி ஒட்ட வேண்டும். பழுதுபார்ப்பவர் கேட்ட கூலி 500 டாலர். கிதார் 180. கூட்டிப் பார்த்தால் இந்தக் காசுக்கு நல்ல புதுக் கிதாரே வந்துவிடும். இந்த மாடல்கள் ரிப்பேர் ஆகாமல் குப்பைக்குப் போனதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

ஆனால் கம்பி உயரமாக இருப்பது கண்ணாடிக் குழாயை விரலில் மாட்டி வழுக்கி வாசிக்கும் ஸ்லைடுக்குத் தோதானது. மடி வாட்டர்ஸ் பாணி அதுதானே. கழுத்தைத் தொடாமல் அதற்கென்றே வைத்துக்கொள்ளலாம். 120க்குக் கேட்டிருக்கிறேன். அதற்கு மேல் கொடுக்க மாட்டேன்.

இதே ஹார்மனியில் ஸாவரின் மாடல் கிடைத்தால் பேச்சே வேறு. மேலே ஸ்ப்ரூஸ், பின்னும் பக்கமும் மகோகனி, எல்லாம் முழுப் பலகை. எச்1260 மாடலை லெட் செப்பலினின் ஜிம்மி பேஜ் வாசித்தார் என்பது பரவியதும் அதன் விலை எகிறிவிட்டது.

ஒன்று மட்டும் கவனம். 1968ல் ஜே க்ராஸ் இறந்தார். வெளிநாட்டு மலிவுச் சரக்கோடு போட்டி போட முடியாமல் 1975ல் ஹார்மனி மூடப்பட்டது. பெயர் மட்டும் விலைபோய், பிற்பாடு ஆசியாவில் செய்த கிதார்களின் தலையில் ஏறியது. உள்ளே முத்திரை இல்லாமல், வெளியே ஹார்மனி என்று பளபளவென்று இருந்தால், அது சிகாகோவைப் பார்க்காத கிதாராக இருக்கலாம்.