ஊருக்கு வந்த கதைக்களம்

ஈழத்துத் தமிழ் நாவல் பிறந்தபோது அதன் களம் ஈழமாக இருக்கவில்லை. 1885இல் கண்டி சித்திலெப்பை எழுதிய ‘அசன்பேயுடைய கதை’யின் நாயகன் எகிப்திலே பிறந்து இந்தியாவிலே வளர்கின்றான். பத்தாண்டுகளின்பின் திருகோணமலைச் சரவணமுத்துப்பிள்ளை இயற்றிய ‘மோகனாங்கி’யோ நாயக்கர் காலத் தமிழகத்தை நாடிற்று. இவற்றில் நிகழ்ச்சிகள் விரைகின்றன. மாந்தரோ சற்று எட்டவே நிற்கின்றனர்.

1914இல் மங்களநாயகம் தம்பையா என்னும் பெண்மணி, ‘நொறுங்குண்ட இருதயம்’ நாவலில், யாழ்ப்பாணத்து இல்லறத்தையே களமாக்கினார். அதன் நாயகி கண்மணி அரசிளங்குமரி அல்லள். கணவனின் கொடுமையைப் பொறுத்து வாழும் மனைவி. அறப்போதனை இடையிடையே தலைநீட்டுவது உண்மையே. கதையை அது சிறிது தளர்த்தவும் செய்கின்றது. ஆயினும், கண்மணியின் துயரத்தில் ஐயம் எழுவதில்லை. அத்தகைய பெண்ணை அன்றைய வாசகர் தம் அயல்வீட்டிலேயே கண்டிருப்பர்.